மரம் முழுக்க வானம்

“நின்றுகொண்டிருக்கும் தண்ணீர் எது?” கரும்பு. “தொங்கிக்கொண்டிருக்கும் தண்ணீர் எது?” தேங்காய்.

மொரீஷியஸில் வளர்ந்தவர்களுக்கு இவை இரண்டும் பால் பல் விழும் முன்பே தெரிந்துவிடும். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் இந்த விடுகதைகளைச் சிராந்தான் என்பார்கள். விடுகதை போடுகிறவர் “சிராந்தான்?” என்று குரல் கொடுக்க வேண்டும். சுற்றி இருப்பவர்கள் “சாம்பெக்!” என்று கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் “திலோ திபூத்?” (நிற்கும் தண்ணீர்?) என்று கேள்வி வரும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க, மலகாசி மக்களின் நாவில் வளர்ந்த வடிவம் இது. ஷார்ல் பெசாக் 1888இல் வெளியிட்ட மொரீஷியஸ் நாட்டார் வழக்காற்று நூலில் இவை நிறைய இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற லெ க்ளேசியோ, தன் மனைவி ஜெமியாவோடு சேர்ந்து 1990இல் இவற்றுக்கென்றே ஒரு சிறு நூல் கொண்டுவந்தார்.

குறுங்கவிதை, குறுங்கதை என்று பேச்செடுத்தாலே நாம் ஜப்பானிய ஹைக்கூவிலிருந்துதான் தொடங்குகிறோம். பாரதி 1916லேயே ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிவிட்டதால் அந்தப் பழக்கத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. இந்தத் தீவில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்கோ தொடக்கம் கரும்புத் தோட்டத்தில் இருக்கிறது. ‘நிற்கும் தண்ணீர்’ என்று சொன்னவர் யாராக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உச்சி வெயிலில் வெட்டிக்கொண்டே நாக்கு வறண்டு நின்ற ஒருவர். முதலாளிக்குக் கரும்பு சர்க்கரை, கப்பல்காரனுக்குச் சரக்கு, தாகத்தில் நிற்பவருக்குத்தான் அது தண்ணீர். யார் பேசுகிறார், பகலில் எந்த நேரம், உடம்பில் என்ன நடக்கிறது, எல்லாமே இரண்டு சொல்லுக்குள் வந்துவிடுகிறது. இதைவிடச் சிறிய கதை எனக்குத் தெரியாது.

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து நான் செய்யும் ஒரு வேலையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு பொருளைப் பார்ப்பது, அதை வரைவது, பிறகு அதைப் பற்றித் தமிழில் ஒரு வரியோ இரண்டு வரியோ எழுதுவது. அவ்வளவுதான் அந்த வகுப்பு. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் எங்கள் தீவின் எழுத்தாளரும் ஓவியருமான மல்கோம் த ஷசாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் இல்லாமல் எனக்கு இந்த எண்ணமே வந்திருக்காது.

ஷசால் 1902இல் வக்குவாவில் பிறந்தவர். சர்க்கரைத் தோட்டங்களை வைத்திருந்த பிரெஞ்சு வம்சாவளிச் சமூகம். அமெரிக்காவில் லூசியானாவுக்குப் போய்ச் சர்க்கரைத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து ஆலையில் வேலை பார்த்தார், பிறகு அரசாங்கத் தொலைபேசித் துறையில் பல வருடம் இருந்தார். வேலைக்குப் போய்வந்துகொண்டே ஒற்றை வாக்கியங்களாக எழுதிக்கொண்டிருந்தார். அவற்றைத் தீவிலேயே அச்சடித்துப் பாரிஸில் இருந்த எழுத்தாளர்களுக்கு அனுப்பிவைத்தார். 1947இல் அப்படிப் போன ‘சான்ஸ் பிளாஸ்டிக்’ என்ற புத்தகம் ழான் போலானின் கைக்குக் கிடைத்தது, அடுத்த வருடமே பாரிஸில் கலிமார் பதிப்பகம் அதை வெளியிட்டது. சர்ரியலிசக் கவி ஆந்த்ரே பிரெத்தோன் கொண்டாடினார். பிற்பாடு ஆங்கிலக் கவி ஆடன் வாயாரப் புகழ்ந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு துண்டுகள். பூ, நிறம், கண், தண்ணீர், வாய், நடை, சிரிப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். கதை கிடையாது, ஆனால் ஒவ்வொரு துண்டிலும் ஏதோ ஒன்று நடக்கும். சாலை இரண்டு திசையிலும் ஓடுகிறது, அதனால்தான் அசையாமல் இருக்கிறது என்று அவர் ஒரு இடத்தில் எழுதியிருக்கிறார். இதைப் படித்த அன்று பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே இருந்த சாலையை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்றே சொல்லலாம்.

அவரை மாற்றிய சம்பவம் க்யூர்பிப் தாவரவியல் பூங்காவில் நடந்தது. நடந்துகொண்டிருந்தபோது ஒரு அசேலியாப் பூவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தபோது, பூ தன்னைப் பார்க்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவருடைய எழுத்து முழுவதும் அந்தப் பூவின் பக்கத்திலிருந்து வந்தது. 1950களில் தூரிகையை எடுத்தபோதும் அதே கதைதான். ஷசாலின் ஓவியத்தைப் பார்த்திருக்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நிழலே கிடையாது. சிவப்பு என்றால் கலப்பில்லாத சிவப்பு, அதன் பக்கத்திலேயே கலப்பில்லாத மஞ்சள். மீன், டோடோ, பூச்சாடி, மலை எல்லாம் நேராக நம்மைப் பார்த்து நிற்கும். ஏழு வயதுப் பிள்ளை வரைந்தது என்று சொன்னாலும் நம்பிவிடுவீர்கள். அப்படித்தான் வரைய வேண்டும் என்று அவர் விரும்பினார். ‘கலை என்பது வேகப்படுத்திய இயற்கை, மெதுவாக்கிய கடவுள்’ என்ற அவருடைய வாக்கியத்தைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அந்த வாக்கியத்தையும் அந்த ஓவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே செயல் என்று புரியும். ஒரு பொருளிடம் ஒரு முறை போவது, சுற்றி வளைக்காமல் போவது, வந்த வழியில் ஒன்றும் எடுத்துவராமல் போவது.

இங்கே என் மனதில் ஒரு நெருடல் உண்டு. அவருடைய சமூகத்தின் தோட்டங்களில் கரும்பு வெட்டியவர்கள் எங்கள் முன்னோர். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளும் புகைப்படங்களும் பாதுகாக்கப்படுகின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், கப்பல், உடம்பில் உள்ள தழும்பு. ஒரு மனிதருக்கு ஒரு வரி. அதுவும் குறுவடிவம்தான், இந்தத் தீவில் தமிழர்களைப் பற்றி மிக அதிகமாக எழுதப்பட்ட குறுவடிவம். ஷசாலின் பூவைப் படிக்கும்போது அந்தப் பதிவேடும் எனக்கு ஞாபகம் வரத்தான் செய்யும். ஆனால் பார்க்கும் முறை எந்த வீட்டில் கிடைத்தாலும் எடுத்துக்கொள்வேன். அவரும் தன் சமூகத்துக்கு விளங்காத மனிதராகத்தான் வாழ்ந்து 1981இல் மறைந்தார்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஷசால் என்று பேச்செடுத்தாலே யாராவது இதைக் கேட்பார்கள். 1951இல் வந்த ‘பெத்ருஸ்மோக்’ என்ற நூலில் எங்கள் மலைகளை லெமூரியாவின் பூதங்கள் செதுக்கியதாக அவர் எழுதினார். அந்தக் கற்பனை அவருக்கு முன்பே பக்கத்துத் தீவான ரெயூனியோனில் ஜூல் எர்மான் என்ற எழுத்தாளரிடம் இருந்தது. உடனே நம் ஆட்கள் குமரிக்கண்டத்தைக் கொண்டுவந்து முடிச்சுப் போடுவார்கள். லெமூரியா என்பது லெமூர் என்ற விலங்கின் பரவலை விளக்க, கடலில் மூழ்கிய ஒரு கண்டம் இருந்திருக்கும் என்று 1864இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் முன்வைத்த ஊகம், கண்டத்தட்டு நகர்வுக் கொள்கை வந்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. மொரீஷியஸ் எரிமலைத் தீவு. எரிமலைப் பாறைக்குள் முந்நூறு கோடி வருடப் பழைய சிர்க்கோன் என்ற கனிம மணிகள் கிடைத்ததாக 2017இல் வந்த ஆய்வும், மூழ்கிப்போன ஒரு பழைய நிலத்துண்டைத்தான் காட்டுகிறது, அதில் மனிதர் வாழ்ந்ததை அல்ல. ஆனால் பீட்டர் போத் மலையின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அந்த உருண்டைப் பாறைத் தலையை மாலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அதை ஒருவர் செதுக்கினார் என்று எழுதத் தோன்றியவரை நான் புரிந்துகொள்கிறேன். அது மலையைப் பற்றிய ஒரு பெரிய சிராந்தான்.

இனி வகுப்புக்கு வருகிறேன்.

என் பிள்ளைகளின் வீட்டு மொழி கிரியோல். பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ் முன்னோர் மொழியாகப் பாடத்திட்டத்தில் வருகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இருநூறு, முந்நூறு தமிழ்ச் சொற்கள் வசப்பட்டிருந்தால் நல்ல விஷயம். இந்தப் பிள்ளையிடம் ‘என் விடுமுறை’ என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டால் என்ன வரும்? மனப்பாடம் வரும். புத்தகத்தில் இருந்த நதி வரும், பிள்ளை ஒருநாளும் உட்காராத மாமரத்தடி வரும். பிள்ளை அதில் இருக்காது. இந்தத் தீவில் தமிழைக் காப்பாற்றுவதற்கு நீளம் நமக்கு எதிரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். இருக்கும் இருநூறு சொல்லில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஐந்தும் தன்னுடையவை என்று ஒரு பிள்ளை உணர்ந்தால், அது தமிழ் எழுத்தாளர். அந்த வயதிலேயே, அந்தக் கணத்திலேயே.

இது நமக்கு ஒன்றும் புதிதும் அல்ல. ஆத்திசூடி ஒரு வரி. குறள் ஏழு சீர். குறுந்தொகை நான்கு அடியிலிருந்து எட்டு அடி. அதிலும் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு: பெயர் தெரியாமல் போன புலவர்களுக்கு அவர்கள் தீட்டிய காட்சியையே பெயராக வைத்தார்கள். நாற்பதாம் பாட்டைப் பாடியவர் செம்புலப் பெயனீரார். அதற்கு அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். இன்னும் பின்னால் போனால் குப்பைக் கோழியார். ஆள் போய்விட்டார், ஊர் போய்விட்டது, அவர் பார்த்தது மட்டும் நின்றுகொண்டு பெயராகிவிட்டது. மேலே சொன்ன பதிவேட்டின் நேர் எதிர் இது.

பிள்ளைகள் தினமும் கண்ணால் பார்க்கும் தமிழ் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். கோவில் பலகை என்றார்கள். ஒரு பையன் பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினான். சரியான பதில். எங்கள் நாட்டு நோட்டுகளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் அச்சாகின்றன. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது தமிழர்கள் எதிர்த்து நின்றார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடிக்க வேண்டியிருந்தது. நூறு ரூபாயில் எங்கள் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனின் முகம், பக்கத்தில் சிறிய தமிழ் எழுத்து. படமும் இரண்டு சொல் தமிழும் ஒரே தாளில். அன்றைய வகுப்புக்கு அந்த நோட்டே மாதிரி ஆயிற்று: தாளின் அளவு உள்ளங்கை, படம் பெரிது, சொல் குறைவு.

முதலில் பார்க்க வேண்டும். பார்ப்பதுதான் கடினம். ஐந்து நிமிடம் ஒரு எலுமிச்சையைப் பார்க்கச் சொன்னால் முதல் நிமிடத்திலேயே “முடிஞ்சுது மிஸ்” என்பார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பேன். மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒரு பிள்ளை முகத்தைக் கிட்டே கொண்டுபோகும். அதற்குப் பிறகு வரைதல். நிழல் போடக் கூடாது, நிறத்தைக் குழைக்கக் கூடாது என்பது ஷசாலிடமிருந்து எடுத்த சட்டம். கறுப்புக் கோட்டால் கட்டம் கட்டி நிறத்தை அடைப்பதில் சிலருக்கு ஆசை. எங்கள் தீவின் ஓவியர் வாக்கோ பெசாக்கின் படங்கள் அப்படித்தான் இருக்கும், தேவாலயக் கண்ணாடி ஜன்னலைப் போல. வீட்டு வாசலில் பாட்டி கோலம் போட்டுப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தக் கோடு கையில் தானாக வருகிறது. எழுதுவது கடைசியில்தான், அதுவும் வரைந்த படத்தில் ஏற்கெனவே இருப்பதை எழுதக் கூடாது. படம் சொல்லாததை வரி சொல்ல வேண்டும்.

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தது, போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. அதற்குப் பின் வந்த வகுப்பில் ஒரு சிறுமி தன் வீட்டு முருங்கையை வரைந்தாள். ஒரு இலைகூட இல்லை, குச்சி குச்சியாகக் கிளைகள், மீதி எல்லாம் அப்பட்டமான நீலம். கீழே எழுதினாள்:

புயல் போனது.
மரம் முழுக்க வானம்.

நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். ‘இலை இல்லை’ என்று எழுத அவளுக்குத் தெரியும், எளிய சொற்கள்தான். அவள் இல்லாததை எழுதாமல், அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததை எழுதினாள்.

காவடிக்குப் பிறகு ஒரு பையன் எழுதியது:

எலுமிச்சை ஆடுகிறது.
அப்பா முதுகு ஆடவில்லை.

தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை நாள், தீவு முழுக்கத் தெரியும் விழா. சுற்றுலாக்காரர்கள் எடுக்கும் புகைப்படங்களில் அலகும் ரத்தமும் வரும். இந்தப் பையனின் படத்தில் முதுகு ஒரு பெரிய பழுப்புச் சதுரம், அதில் பச்சை வட்டங்கள். அவ்வளவே. பின்னாலேயே மலைப்படி ஏறியவனுக்குத்தான் அந்தக் கோணம் கிடைக்கும். அந்த முதுகு அவன் கண்ணுக்கு நேரே நாள் முழுக்க இருந்திருக்கிறது.

பெரிய பிள்ளைகளிடம் கதை கேட்கிறேன். இங்கேதான் எனக்கும் சில பெற்றோருக்கும் கருத்து வேறுபாடு. தமிழ்ப் பத்திரிகைகளின் ஒரு பக்கக் கதையைப் படித்து வளர்ந்தவர்கள் அவர்கள், கடைசி வரியில் ஒரு திருப்பம் வந்தால்தான் கதை என்பார்கள். திருப்பத்தில் தப்பில்லை. ஆனால் திருப்பத்துக்காக எழுதிய கதையை இரண்டாவது தடவை படிக்க முடியாது, பூட்டு திறந்தாகிவிட்டது. ஒரு பதினான்கு வயதுப் பெண் எழுதிய இதைப் பாருங்கள்:

“பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என் தோளில் தூங்கினார். எழுப்ப மனம் வரவில்லை. என் ஊர் போய்விட்டது.”

இதிலும் ஒன்று நடக்கிறது. ஆனால் ரகசியம் ஒன்றுமில்லை. ஊர் போய்விட்டது என்ற இடத்தில் கதை முடிந்த பிறகும் பஸ் போய்க்கொண்டிருக்கிறது, அந்தப் பெண் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவர் யார், எந்த வேலை முடிந்து அவ்வளவு களைத்துப்போனார் என்று நான் இன்னும் யோசிக்கிறேன். படத்தில் தோள் மட்டும் வரைந்திருந்தாள்.

மகாத்மா காந்தி நிறுவனத்தின் புகைப்படங்களைப் பற்றி வகுப்பில் பேசிய நாளில் ஒரு பையன் எழுதியது இன்னொன்று:

“இறங்கியதும் எண் கொடுத்தார்கள். தழும்பை எழுதினார்கள். கப்பலில் அவள் பாடிய பாட்டை யாரும் எழுதவில்லை.”

‘அவள்’ யார் என்று கேட்டேன். “தெரியாது மிஸ், யாராவது பாடியிருப்பாங்க இல்ல?” என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்தத் தாளில் படம் வரையவில்லை, வேண்டாம் என்றான். விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. ராமா பூனுசாமியின் இம்மீடியா நிறுவனம் 1994இலிருந்து ஆண்டுதோறும் ‘கொலெக்சியோன் மொரீஸ்’ என்ற சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவருகிறது. கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் தீவின் எழுத்தாளர்கள் ஒரே அட்டைக்குள் இருக்கிறார்கள். அதைப் போலத் தமிழுக்கும் ஒரு சின்னத் தொகுப்பு, பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. கிரியோல் எழுத்துக்கு நேர்ந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். பேச்சுமொழிதானே என்று ஒதுக்கிய காலத்திலேயே தேவ் விராசாமி அதில் கவிதையும் நாடகமும் எழுதினார், 2012இல் அது தொடக்கப் பள்ளிக்குள் பாடமாக வந்தது, 2023இல் அவர் மறைந்தபோது அவருடைய வரிகளைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள். தமிழுக்கு இங்கே பாடப்புத்தகம் இருக்கிறது, தேர்வு இருக்கிறது, நோட்டில் இடம் இருக்கிறது. இங்கே பிறந்தவர் இன்றைக்கு எழுதிய வரிதான் போதவில்லை. மோக்காவில் தமிழ்த்துறையும் நுண்கலைப் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஓவியம் படிக்கும் மாணவர்கள் தமிழ் மாணவர்களின் வரிக்குப் படம் வரைந்தால், அவர்கள் இவர்களின் படத்துக்கு வரி எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அது நடக்கும்போது நடக்கட்டும். இப்போதைக்கு வரும் காவடிக்கு மண்டபத்தின் பக்கச் சுவரை எங்களுக்குத் தந்திருக்கிறார்கள். கோவில் செயலாளர் ஐயா நல்ல மனிதர், முறையாகச் செய்ய வேண்டும் என்பவர். “ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் பிள்ளை பேர், அப்பா பேர், பள்ளிக்கூடம், வகுப்பு எழுதிடுங்கம்மா” என்றார். நான் குறுந்தொகையைப் பற்றிச் சொன்னேன். பெயருக்குப் பதிலாக முருங்கைக்காரியை ‘மரம் முழுக்க வானத்தார்’ என்றும், காவடிப் பையனை ‘ஆடா முதுகினார்’ என்றும் எழுதலாமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். தாத்தா பாட்டிகள் தங்கள் பேரப்பிள்ளையின் பெயரைத் தேடுவார்களே என்றார், அதுவும் நியாயம்தான். கடைசியில் தாளின் முன்பக்கம் புலவர் பெயர், பின்பக்கம் வீட்டுப் பெயர் என்று முடிவாயிற்று. தாள்களைச் சுவரில் ஒட்டாமல் நூலில் கட்டித் தொங்கவிடுகிறோம், யார் வேண்டுமானாலும் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். தாள் சிறியது, கொஞ்சம் கிட்ட வந்துதான் படிக்க வேண்டியிருக்கும். பக்கத்திலேயே ஒரு மேசையில் வெற்றுத் தாளும் வண்ணப் பென்சிலும் வைக்கிறேன், பெரியவர்களுக்காக.